பேச வைக்கிற வேலை

அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுப்பதே பிள்ளைகளைப் பேச வைப்பதற்குத்தான். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை நான். ஜூன் மாதம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து மூலையில் ஒண்டும் பிள்ளைகள், தீபாவளி வருவதற்குள் வாய் ஓயாமல் பேசி என் உயிரை வாங்கிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. என் மகளுக்கு நாலு வயது ஆகப்போகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

காதில் குறை இல்லை. சமையலறையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் வாசலில் இருப்பவளுக்குக் கேட்கும். பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். எல்லாச் சோதனையும் செய்து பார்த்த டாக்டரம்மா, பேச்சு தாமதம், வேறு ஒன்றுமில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்ல நிறைய பேசணும்மா. நீங்க என்ன வேலை செஞ்சாலும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. போனைக் கையில கொடுக்காதீங்க" என்றார்.

நிறையப் பேச வேண்டுமாம். யாரிடம் வந்து சொல்கிறார் பாருங்கள். பகலெல்லாம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு வேப்பூர் ரோட்டுப் பள்ளியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தால், வாயைத் திறக்கவே வெறுப்பாக இருக்கும். ஆனாலும் பேசினேன். "அம்மா வெங்காயம் உரிக்கிறேன் பாரு. வெங்காயம். அம்மாவுக்குக் கண்ணு எரியுது. கண்ணு எங்க?" அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். குக்கர் கத்தும், அது ஓயும்வரை நிறுத்திவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பேன். அடுப்போடு பேசுகிற பைத்தியம் என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். இரவுச் சாப்பாட்டுக்குள் குரல் கம்மிவிடும். அதற்கப்புறம் போனைக் கொடுத்துவிடுவேன். கொடுக்காமல் எப்படி மறுநாளுக்கு மாவு அரைப்பது, துணி மடிப்பது என்று அந்த டாக்டரம்மாவிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பீங்கான் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை. அதிகம் பேசாதவர். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "பிராது கட்டிடலாமா?" என்றார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். குறையைப் புகார் மனுவாக எழுதி முருகன் சன்னிதியில் கட்டிவிட்டு வந்தால், அவர் விசாரித்துத் தீர்த்துவைப்பார். நிலத் தகராறிலிருந்து காணாமல் போன மாடுவரை எல்லாவற்றுக்கும் எழுதுவார்கள். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் போனேன். வெள்ளைத்தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, இன்னார் மகள் பேசவில்லை என்று எழுதினேன். யார்மேல் புகார் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"யார எழுதறது?" என்றேன்.

"யாரையும் எழுதாத. அவருக்குத் தெரியும்" என்றார். கட்டிவிட்டு வந்தோம்.

பகலில் மகளைப் பார்த்துக்கொண்டது எங்கள் தெருவில் ஓர் அக்கா. தங்கமான மனுஷி. ஒருநாள் சாயங்காலம் நான் போனபோது, குழந்தையின் முழங்கை வீங்கியிருந்தது. அந்த அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"கோச்சிக்காதீங்க டீச்சர். வாயத் தொறந்து சொல்ற புள்ளன்னா பரவால்ல. எங்க வுழுந்துச்சி, யாரு தள்ளுனாங்க, ஒண்ணும் தெரியல. நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா நான் என்னா பதில் சொல்லுவேன்? எனக்கு பயமா இருக்குதுங்க. வேற எடம் பாத்துக்கோங்க."

சண்டை போடலாம் என்றுதான் வாயெடுத்தேன். என்ன சொல்லிச் சண்டை போடுவது? அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. வீங்கிய கையைத் தடவிக்கொண்டே, "எங்க வுழுந்த, சொல்லுடி" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். அழுதாளே தவிர சொல்லவில்லை. நானும் அழுதேன்.

தலைமையாசிரியை நல்லவர். "கூட்டிட்டு வாங்க, எங்கதான் வுடுவீங்க? ஆனா இடுப்புல வச்சிக்கிட்டுப் பாடம் நடத்துறாங்கன்னு பேரு வரக்கூடாது. மத்த புள்ளைங்களோட புள்ளையா ஒக்காரட்டும்" என்றார். அப்படியே உட்காரவைத்தேன். முதல் வாரம் எழுந்து எழுந்து வந்து என் புடவையைப் பிடித்துக்கொள்வாள். எதிரே அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும், அவர்களுக்கும் வீட்டில் தாய் இருக்கிறாள். "மிஸ் பாடம் நடத்துறேன்ல, போய் ஒக்காரு" என்று விரல்களைப் பிரித்து அனுப்புவேன். பத்து நாளில் எழுந்து வருவதை நிறுத்திவிட்டாள். நல்லவேளை என்று நினைத்தேன்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த பிறகு ஒரு மத்தியானம், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், எனக்குத் தெரியாத குரல்.

"மிஸ், இவ அடிச்சிட்டா மிஸ்."

வழக்கமான புகார். ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பது. திரும்பாமலே, "சும்மா இருங்க ரெண்டு பேரும்" என்றேன். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. முன்வரிசைப் பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், "மிஸ், பாப்பா பேசுது மிஸ்."

திரும்பிப் பார்த்தேன். என் மகள் எழுந்து நின்று, பக்கத்திலிருந்தவளைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் மண்டியிட்டு அவள் கன்னங்களைப் பிடித்துக்கொண்டேன். என்ன பேர் வந்தாலும் வரட்டும் என்றாகிவிட்டது. "என்னடா சொன்ன? அம்மாகிட்ட சொல்லு. அம்மா சொல்லு." அவளுக்குக் குழப்பமாக இருந்தது. மறுபடியும் சுட்டிக்காட்டி, பொறுமையாக, "இவ மிஸ்" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் காட்டினேன். அப்பா சொல்லு என்றார், "அப்பா" என்றாள். அந்த மனுஷர் அவளை அள்ளித் தூக்கிக்கொண்டார். என்னைக் காட்டி, "இது யாரு?" என்றார். "மிஸ்" என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல். அவர் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "பேசிட்டா இல்ல? அது போதும். மாத்திக்கலாம்" என்றார்.

அதன்பிறகு வார்த்தைகள் கடகடவென்று வந்துவிட்டன. தண்ணி, பஸ்ஸு, வலிக்குது, வேணாம், எல்லாம் சொல்கிறாள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன், ரொம்பச் சந்தோஷப்பட்டார். அம்மா என்று சொல்லச்சொல்லித் தினமும் பழக்குகிறேன். கேட்டதும் கெட்டிக்காரியாகத் திருப்பிச் சொல்லுவாள், "அம்மா மிஸ்" என்று. சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். வயிற்றெரிச்சலாக இருக்கிறது, யாரிடம் போய்ச் சொல்ல.

போன வாரம் சமைத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரமாகச் சமையலறை வாசற்படியில் நிழலாடுகிற மாதிரி இருந்தது. பார்த்தால் அவள் நிற்கிறாள், தூக்கக் கலக்கத்தோடு, கையைக் கட்டிக்கொண்டு.

"மிஸ், உள்ள வரலாமா மிஸ்?"

கரண்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினேன். நகரவில்லை. அங்கேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாம்மா" என்று சொன்ன பிறகுதான் வந்தாள்.