பல்லுக்கொழுக்கட்டை அண்டைக்குக் கழட்டின மேஸ்

என்ரை பிள்ளை வாயாலை ஒரு சொட்டுப் பாலும் குடிச்சதில்லை. பிறக்கேக்கையே அவனுக்கு விழுங்கத் தெரியாது. வாயிலை என்ன விட்டாலும் வயித்துக்குப் போகாமல் நெஞ்சுக்குள்ளை போயிடும், மூச்சு நிண்டிடும் எண்டு டொக்டர் சொன்னவர். அதாலை மூக்குக்குள்ளாலை வயிறு மட்டும் ஒரு மெல்லிய ரியூப். கன்னத்திலை பிளாஸ்ரர். அதோடைதான் ஆஸ்பத்திரி வாட்டிலை இருந்து கொழும்புத்துறை வீட்டுக்குக் கொண்டு வந்தனாங்கள்.

ரியூப் போடுறது, பால் விடுறது எல்லாம் வாட்டிலை நேர்ஸ் மிஸி பழக்கி விட்டவ. நான் எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடம் விட்டனான். எனக்கு உது வருமோ எண்டு அழுதன். வந்திட்டுது. வந்ததுதான் பிழையாப் போச்சு எண்டு சிலநேரம் நினைப்பன். அதுக்குப் பிறகு வீட்டிலை வேறை ஒருத்தரும் அதைத் தொடேல்லை. இவர் எந்தக் காத்துக்கும் கடலுக்குப் போற ஆள். ரியூப் மாத்தேக்கை பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு மற்றப்பக்கம் பாப்பார்.

பால் விடமுதல் சிறிஞ்சாலை கொஞ்சம் இழுத்துப் பாக்கோணும், வயித்துத் தண்ணி வருதோ எண்டு. வந்தாத்தான் ரியூப் சரியான இடத்திலை கிடக்கு. பிறகு சிறிஞ்சின்ரை தண்டைக் கழட்டிப்போட்டு, குழலுக்குள்ளை பாலை ஊத்தி, கையை உயத்திப் பிடிச்சுக்கொண்டு இருக்கோணும். பால் தன்ரை பாட்டிலை இறங்கும். அவசரப்படுத்தேலாது. இறங்கினாப் பிறகு, பாலைச் சத்தி எடுக்காமல் தோளிலை நிமித்தி வைச்சிருக்கோணும். துணி தோய்ச்சு, சிறிஞ்சு கழுவி, ஒரு வாய் சோறு தின்ன அடுத்த பால் நேரம் வந்திடும். யன்னலாலை பாத்தா ஒழுங்கை முடியிற இடத்திலை கடல் ஒரு துண்டு தெரியும். கோயிலிலை பூசைக்கு மணி அடிக்கும், அதுவும் பால் நேரமாத்தான் இருக்கும். பிள்ளையைக் கட்டிலிலை விட்டிட்டு இப்பிடியே நடந்து போனா என்ன எண்டும் நினைச்சிருக்கிறன். நினைப்பு வேலிப் படலை மட்டும்தான் போகும்.

பக்கத்து வளவு மச்சாள், இவரின்ரை அக்கா, வேலிக்கு மேலாலை கேப்பா. "என்ன, மருமோனின்ரை எஞ்சினுக்கு எண்ணை விட்டாச்சோ?" அந்தப் பகிடிதான் எனக்கு ஒரு நாளைக்குச் சிரிப்பு. ஆனா உள்ளுக்கு வந்தா கதவு நிலையோடை நிண்டிடுவா. ரியூப்புக்குக் கிட்ட வரமாட்டா.

பிள்ளைக்குக் கீழ் முரசிலை வெள்ளையா ஒரு பல்லு முளை தட்டுப்பட்டுது. மச்சாள் விடேல்லை. "பல்லுக்கொழுக்கட்டை கொட்டோணும்."

"அவன் தின்னமாட்டானே மச்சாள். பல்லு வந்து என்ன, வராட்டி என்ன."

"கொழுக்கட்டை தலையிலைதானடி கொட்டுறது, வாயிலை இல்லையே."

தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரிக் குத்தி, அவவே அவிச்சவ. பால் இறங்கி முடிஞ்ச ஒரு பின்னேரம் பிள்ளையை மடியிலை இருத்தி, தலைக்கு மேலை வெள்ளைத் துணி பிடிச்சுக் கொட்டினவ. அயலட்டைப் பிள்ளையள் பொறுக்கித் திண்டினம். முன்வீட்டு அக்கா சக்கரைப் பாணியிலை விரலைத் தோய்ச்சுக்கொண்டு குனிஞ்சா.

"நாக்கிலை ஒருக்காத் தொட்டு விடுவம், ஆசைக்கு."

நான் அவவின்ரை மணிக்கட்டைப் பிடிச்சிட்டன்.

"நஞ்சே குடுக்கப் போறன்?"

"அவனுக்கு அது நஞ்சுதான் அக்கா."

எல்லாருக்கும் முகம் மாறிப்போச்சு. மச்சாள்தான் கதையை மாத்தினவ. தட்டத்திலை பேனை, செபமாலை, சங்கிலி, வலை பின்னுற ஊசி எல்லாம் பரப்பி முன்னாலை வைச்சா. பிள்ளை எதை எடுக்குதோ அதுதான் தொழில் எண்டு ஒரு நம்பிக்கை. ரியூப்பை இழுப்பான் எண்டு நான் அவன்ரை ரெண்டு கைக்கும் எப்பவும் கால் மேஸை உறை மாதிரிப் போட்டு வைக்கிறனான்.

"மேஸோடை என்னெண்டடி எடுக்கிறது? கழட்டு. நாங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறம்."

ஒரு கையை மட்டும் கழட்டினன். விரல் இடுக்கிலை மேஸ் நூல் ஒட்டியிருந்தது. பிள்ளை தன்ரை கையைத் தானே புதினமாப் பாத்தான்.

"ஊசியை எடு மருமோன், கொப்பருக்கு வலைக்கு ஆள் இல்லை."

கை தட்டத்துக்குப் போகேல்லை. நேரை மூக்கடிக்குப் போய் ஒரே இழுவை. ஏதோ எடுத்திட்டான் எண்டு பின்னாலை ஆரோ கையும் தட்டிப்போட்டினம். பிளாஸ்ரரோடை ரியூப் முழுக்க வெளியிலை வந்து மடியிலை கிடந்தது.

பிள்ளை சிரிச்சான். ரியூப் மாத்தேக்கை அவன்ரை வெறும் முகத்தைக் கண்டிருக்கிறன், அது அழுது குழறுற முகம். ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி, ஒண்டும் ஒட்டாமல், சிரிச்ச முகம் அண்டைக்குத்தான் கண்டது. "படம் எடடி, கெதியா" எண்டா மச்சாள். அவவின்ரை போனிலை எடுத்தம்.

அடுத்த பாலுக்கு ரியூப் போட்டாகோணும். இவர் கடலிலை. தலையைப் பிடிக்க ஆள் இல்லை. வந்த சனம் ஒவ்வொண்டா எழும்பிப் போட்டினம். மச்சாள் நிலையடியிலை நிண்டா.

"எப்பிடிப் பிடிக்கிறது, சொல்லு."

பிடிச்சா. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "மாதாவே, மாதாவே" எண்டா.

"கண்ணைத் திறவுங்கோ மச்சாள். தலை ஆடுது."

திறந்தா. ரியூப் இறங்கிச்சுது, வயித்துத் தண்ணியும் வந்தது. மச்சாள் வேர்த்துப்போய் நிலத்திலை இருந்திட்டா.

"உதை நீ எத்தினை தரம் செய்தனி?"

நான் சிறிஞ்சின்ரை தண்டைக் கழட்டிப் பாலை ஊத்தினன்.

அதுக்குப் பிறகு சிறிஞ்சு பிடிக்கவும் பழகினா. ஒருநாள் "கடலைப் பாத்திட்டு வா" எண்டு என்னைக் கலைச்சு விட்டா. ஒழுங்கை முடிவுக்குப் போனன். காத்து நல்லா அடிச்சுது. பால் இறங்க முதலே திரும்பி ஓடி வந்திட்டன்.

"கடல் அங்கைதான் கிடந்ததோ?"

"ஓம், கிடந்தது."

மாரிக்குப் பிள்ளைக்கு நெஞ்சிலை சளி கட்டிச்சுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம், திருப்பிக் கொண்டு வரேல்லை. கொழுக்கட்டை அண்டு நடந்ததாலை இல்லை, நெஞ்சு முதலே பலம் இல்லாதது எண்டு டொக்டர் மச்சாளுக்கு ரெண்டு தரம் சொன்னவர். அவ ரெண்டு தரம் கேட்டவ.

அந்தப் படம் இப்ப மாதா படத்துக்குக் கீழை இருக்கு.

இப்ப என்னைப் பிடிச்சு வைச்சிருக்க ஒண்டும் இல்லை. படலை திறந்துதான் கிடக்கு. முந்தநாள் மச்சாள் வேலியடியிலை வந்து, "வா, சந்தைக்குப் போட்டு வருவம்" எண்டா.

"பால் நேரம் மச்சாள்" எண்டு வாயிலை வந்திட்டுது.

அவ என்னைத் திருத்தேல்லை. உள்ளுக்கு வந்து பாயிலை எனக்குப் பக்கத்திலை இருந்தா. பால் இறங்கி முடியிற அளவு நேரம் ரெண்டு பேரும் அப்பிடியே இருந்தம். பிறகு அவ தனியப் போய், மரக்கறி வேண்டி வந்து எனக்கும் பாதி தந்தவ.