கழுத்தில் வைத்த கை

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் மணம் மூக்கில் ஏறினால், இன்றும் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

எங்கள் நூல் மில்லின் சடுகுடு அணிக்குச் சுளுக்கு எடுப்பவன் நான்தான். காரமடையில் நடந்த ஆட்டத்தில், மூச்சடக்கிப் பாடிப் போன ரங்கசாமி தலைகுப்புற விழுந்தான். புழுதி அடங்குமுன்னே எண்ணெய்க் கிண்ணத்தோடு பாய்ந்தேன்!

"கழுத்துப் புடிச்சுக்கிச்சுங்கண்ணா."

"ஒரே திருப்பு, சொடக்குன்னு உட்டுரும் கண்ணு!" தாடையைப் பற்றினேன். கூட்டம் விசிலடித்தது.

"ஏனுங்க, கையை எடுங்க!" ஆட்டம் பார்க்க வந்திருந்த எங்கள் மில் நர்ஸம்மா ஓடி வந்தார். "வெரலை அசைக்கச் சொல்லிப் பாத்தீங்களா?"

ரங்கசாமியின் இடக்கை விரல்கள் அசையவே இல்லை. "மரத்துக் கெடக்குதுங்க" என்றான். தாடையிலிருந்து கையை எடுத்தேன்.

நர்ஸம்மா அவன் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டார். கதவுப் பலகையொன்றில் ஆறு பேர் அவனை ஏந்தி, இருபுறமும் நூல் பொதிகளை அண்டக் கொடுத்து, மில் லாரியில் கோயமுத்தூருக்கு ஊர்ந்தோம். கழுத்தெலும்பில் விரிசல், திருப்பியிருந்தால் கைகால் போயிருக்கும் என்றார் டாக்டர். பத்தாம் நாள் சுண்டுவிரல் அசைந்தது! ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கூவிவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் விழுந்தாலும் முதலில் விரலை அசைக்கச் சொல்கிறேன். கழுத்து, முதுகு என்றால் தொடுவதே இல்லை. பலகை தேடி ஓடுகிறேன்.

குணமாகி ஊருக்குப் பஸ் ஏறிய ரங்கசாமி, ஜன்னல் வழியே ஐந்து விரல்களையும் ஆட்டிக் காட்டினான்.

"வாரேனுங்கண்ணா! அந்த எண்ணெயை மட்டும் வண்டி அச்சுக்கு ஊத்திப்போடுங்க!"