மன்னித்தேன், மைக்கை விடவில்லை

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். மன்னார்குடி அருகே எங்கள் ஊர் கிறிஸ்தவ ஆலயத்தில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பேன். ஒருநாள் வாசிக்க எழுந்தபோது, "நடவுக்குப் போறவ மகளுக்கு மைக்கு கேக்குதோ!" என்றார், அந்தப் பாடத்தைத் தானே வாசிக்க ஆசைப்பட்ட ஸ்டெல்லா அக்கா. வேதாகமத்தை அம்மா மடியில் எறிந்துவிட்டு வெளியேறினேன். அன்று பாடத்தை வாசித்தது அவர்தான். அவர் விரும்பியதை என் கோபமே செய்து கொடுத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, ஆலயத்தில் நற்கருணை அப்பம் வாங்கும் நாள். மனஸ்தாபத்தோடு அதை வாங்க மாட்டோம். சனிக்கிழமையே அவர் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, நீங்க சொன்னது தப்பு. எங்கம்மா நடவு நட்டுத்தான் என்னைப் படிக்க வச்சாங்க. உங்கள மன்னிச்சுட்டேன். ஆனா நாளைக்கு நான்தான் வாசிப்பேன்."

"ஏண்டி, சண்டை போட வந்தியா, சமாதானம் பேச வந்தியா?"

"ரெண்டுக்குந்தான்க்கா."

மறுநாள் நான்தான் வாசித்தேன். இப்போதெல்லாம் கோபம் வந்தால் வெளியேறுவதில்லை. ஜெபித்துவிட்டு, நேரில் போய்ப் பேசுகிறேன்.