சௌந்திரத்தின் கையும் சொந்தக்காரர்களின் வைத்தியமும்

பள்ளிபாளையம் சௌந்திரத்துக்குப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்தபோது சொந்தபந்தம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டாலே நோய் தொற்றிவிடும் என்பது அவர்களுடைய மருத்துவ ஞானம். ஆனால் அதே பக்கத்துக் கை வீங்கி, மேல்கைச் சதை பை போலத் தொங்கத் தொடங்கியதும் அத்தனை பேரும் டாக்டர்களாகிவிட்டார்கள். மார்பு ரவிக்கைக்குள் இருக்கும் சமாச்சாரம். கை ஊருக்குப் பொது.

எண்பத்து நான்காம் வருஷம் அவள் தம்பி செங்கோடனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச்சேலைக் கூடையை ஏந்தி அவன் பக்கத்தில் அமர்வது இணைச்சீர். அது இல்லாமல் அந்த ஊர்ப் பக்கம் தாலி ஏறாது. சௌந்திரம் ஒரே அக்கா. அந்த மணைக்காகத் தம்பி பிறந்த நாளிலிருந்து காத்திருந்தவள். ஆனால் சின்னம்மா ராமாயிக்குப் பொன்னாயி என்றொரு மகள் இருந்தாள். இரண்டு கையும் மெலிந்தவள்.

“அந்தக் கையோட சபையில உக்காந்தா நல்லாவா இருக்கும், சாமி? சேலத்துல தொங்கற சதைய அறுத்துத் தெச்சு உடறாங்களாமா. செஞ்சுக்க. இல்லீன்னா நம்ம பொன்னாயி உக்காரட்டும்,” என்றாள் சின்னம்மா. கரிசனம் என்றால் அப்படியொரு கரிசனம்.

ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி ஓட்டுகிற சௌந்திரத்தின் கணவன் வெள்ளியங்கிரி, “தண்ணி கோத்திருந்தா ஒரு தொளை போட்டா வந்துரும்,” என்று தொழில்முறை ஆலோசனை வழங்கினான்.

“நீங்க பாறையப் பாருங்க,” என்று சொல்லிவிட்டுச் சௌந்திரம் தனியாகச் சேலம் பஸ் ஏறினாள். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ரவிக்கையின் ஒரு கையை மட்டும் பிரித்துத் தைத்துப் போடுகிறவளுக்கு ஆசை இருக்காதா?

டாக்டர் கையை அமுக்கிப் பார்த்தார். “செய்யலாம்மா. ஆனா அக்குள்ல நெறிக்கட்டியெல்லாம் எடுத்தாச்சு. இந்தக் கையில கத்தி பட்டா லேசுல ஆறாது. வீக்கம் கூடினாலும் கூடும்.”

“செய்யலீன்னா உசுருக்கு ஆபத்துங்களா?”

“இல்லை. துணி சுத்திக் கட்டினா ஓரளவு மட்டுப்படும்.”

சௌந்திரம் யோசித்தாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியைத் தட்டும்வரை யோசித்தாள். பிறகு எழுந்தாள்.

“மொத அறுப்பு என் உசுருக்குங்க. இது எங்க சின்னம்மாளுக்கு. வேணும்னா அவிங்களே வந்து படுத்துக்கட்டும்.”

கல்யாணத்தில் இணைச்சீருக்கு மேளம் கொட்டியபோது, மணையில் பொன்னாயி பட்டுச்சேலை சரசரக்க உட்கார்ந்திருந்தாள். துணி சுற்றிய கையோடு சௌந்திரம் எதிரில் போய் நின்றாள். சடங்கு நடத்தும் அருமைக்காரர் பந்தலின் மேற்புறத்தை ஆராய்ந்தார். மாப்பிள்ளை தன் கால் விரல்களை ஆராய்ந்தான்.

“எந்திரி, கண்ணு,” என்றாள் சௌந்திரம்.

“கூடை கனம்டி! கை தாங்குமா?” என்று பதறினாள் சின்னம்மா.

“தாங்காட்டி நீங்க அடியில புடிங்க. உக்கார்றது நாந்தான்.”

பொன்னாயி எழுந்துவிட்டாள். கூடை சௌந்திரத்தின் கைக்கு வந்தது. கனமாகத்தான் இருந்தது. சொன்ன சொல் சபையில் விழுந்துவிட்டதால், சீர் முடியும்வரை சின்னம்மா கூடையின் அடியைத் தாங்கியபடி குனிந்தே நின்றாள். பெண் வீட்டார் அதையும் ஒரு சீர் என்றே எண்ணிக்கொண்டார்கள்.