மிஸ் டிலேனியின் ஏழாம் பக்கம்

சென்ற பெப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை. மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். மனைவி கதவைப் பாதி திறந்து தொலைபேசியை நீட்டினார்.

"இஞ்சருங்கோ, ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கதைக்குது. டிலேனி எண்டு சொல்லுது."

அழைத்தவர் ஷீலா. மிஸ் நோரா டிலேனியின் தமையன் மகள். அத்தை முதல்நாள் மாலை மருத்துவமனையில் காலமாகிவிட்டார் என்றார். யார் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று அவர் எழுதிவைத்த பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக இருந்ததாம்.

அனுதாபம் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். துக்கத்துக்கு முன் எனக்கு வந்தது ஓர் ஆறுதல். நான் முன்பு செய்த ஒன்றைப் பற்றி இனி என்னிடம் கேட்க யாருமில்லை என்ற ஆறுதல். இப்படியும் ஒரு மனுசனா என்று என்னையே நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புத்தான் இந்த அஞ்சலியை எழுதவைக்கிறது.

இதை வாசிக்கும் தமிழர்களில் சிலர் மிஸ் டிலேனியைக் கண்டிருக்கிறீர்கள். ஆனால் அவர் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமற்போனதற்குக் காரணம் நான்.

மொன்றியலில் லஷீன் கால்வாய்க்குத் தெற்கே உள்ள பகுதியில் தலைமுறை தலைமுறையாக ஐரிஷ் மக்கள் வாழ்ந்தார்கள். கால்வாயிலும் ரயில் பட்டறைகளிலும் வேலை செய்தவர்கள். அவர்களுக்கென்று 'கனால் மெசெஞ்சர்' என்று ஒரு மாதப் பத்திரிகை இருந்தது. யார் பிறந்தது, யார் இறந்தது, தேவாலய மண்டபத்தில் என்ன விசேஷம், பிள்ளைகளின் ஹொக்கி அணி யாரிடம் தோற்றது என்பவைதான் செய்திகள். தேவாலய வாசலிலும் டெப்பனர் எனப்படும் மூலைக்கடைகளிலும் இலவசமாக அடுக்கி வைத்திருப்பார்கள். மிஸ் டிலேனியின் தகப்பனார் அதன் அச்சுக்கு ஈய எழுத்துக் கோத்தவர். மகள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே அதில் எழுதினார். பின்னர் அதன் ஆசிரியராகி, திருமணம் செய்யாமல், அதனோடேயே இருந்துவிட்டார்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கணினியில் பக்கம் அமைக்கப் பகுதிநேர ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போனேன். டெப்பனர் கடைக்கு மேலே ஒரே அறை. மிஸ் டிலேனி எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அதற்கு என்ன பொருள் என்று கேட்காமல் விடவில்லை. யாழ் என்பது ஹார்ப் போன்ற ஒரு நரம்புக் கருவி, அதை வாசித்த பாணனின் ஊர் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த பழைய முதல் பக்கத்தைக் காட்டினார். பத்திரிகைப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ப். அது ஐரிஷ்காரரின் சின்னம்.

"அப்படியென்றால் நீங்கள் நாளைக்கே வரலாம்," என்றார்.

எல்லா இடத்திலும் என்னைச் சிவா என்று வெட்டித்தான் கூப்பிட்டார்கள். மிஸ் டிலேனி முழுப் பெயரையும் தாளில் எழுதி வாங்கினார். சிவஞானசுந்தரம், ஆங்கிலத்தில் பதினேழு எழுத்து. மாதாமாதம் பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில் அதைக் குறையாமல் போடவைத்தார். மரண அறிவித்தல் வந்தால் வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பார். "பத்திரிகையில் ஒருவரின் பெயர் வருவது அதுவே கடைசித் தடவையாக இருக்கலாம். பிழையாக வரக்கூடாது," என்பார்.

நான்கு வருடம் அப்படிப் போனது. வாசகர்கள் குறைந்தார்கள். பழைய குடும்பங்கள் புறநகர்களுக்குப் போய்விட்டன. பத்திரிகையை நிறுத்துவதென்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. கடைசி இதழ் சிறப்பிதழாக வரவேண்டும், அதில் பத்திரிகையின் வரலாற்றை மிஸ் டிலேனி எழுதவேண்டும் என்றார்கள். இரண்டு மாதம் பழைய தொகுப்புகளைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதினார். ஒவ்வொரு பக்கமாக எனக்குத் தந்தார். ஏழாம் பக்கத்தைத் தரும்போது மட்டும் கையை எடுக்காமல் சற்று நின்றார்.

"முதலில் வாசியுங்கள். அமைக்க விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள், நானே தட்டிக்கொள்கிறேன்."

அதில் இருந்தவற்றில் ஒரு பகுதியைத் தமிழில் தருகிறேன்:

"எண்பதுகளில் இந்தப் பத்திரிகை ஒருமுறை இலங்கைத் தமிழ் அகதிகளைப் பற்றித் தலையங்கம் எழுதியது. அவர்கள் பொய் சொல்லி வந்தவர்கள், திருப்பி அனுப்பப்பட வேண்டியவர்கள் என்றது. எழுதியவர் பெயர் போடப்படவில்லை. எழுதியவள் நான். எங்கள் மூதாதையர் அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பி, காய்ச்சலோடு கப்பலில் இந்த ஆற்றங்கரைக்கு வந்து ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அன்று எங்களை வெறுத்தவர்கள் சொன்னதையே நான் இன்னொருவருக்குச் சொன்னேன். நான் திட்டியவர்களில் ஒருவர்தான் நான்கு வருடமாக இந்தப் பத்திரிகையின் பக்கங்களை அமைக்கிறார். அவரிடமும் அவருடைய மக்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

நான் அந்த வருடங்களில் வந்து இறங்கியவன்தான். வாசித்து முடித்தேன். "நான் அமைக்கிறேன், மிஸ் டிலேனி," என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முதல்நாள் நிர்வாகக் குழுத் தலைவர் மிஸ்டர் ஃபோலி என்னைத் தன் அச்சகத்துக்கு அழைத்தார். அதுவரை அவர் என்னைக் 'கணினிக்காரப் பையன்' என்றுதான் சொல்வார். எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. அன்று எழுந்து கைகொடுத்து, மிஸ்டர் சிவா என்றார். கோப்பி தந்தார்.

"இது மகிழ்ச்சியான இதழ். நோராவுக்கு வயதாகிவிட்டது, அந்த ஏழாம் பக்கத்தில் தன்னைத்தானே காயப்படுத்துகிறார். கணினியில் பக்கங்கள் சிலவேளை மாறிப்போகும்தானே? யாரும் குறை சொல்லமாட்டார்கள்," என்றார். அதே மூச்சில், அச்சகத்தில் முழுநேர வேலை ஒன்று இருப்பதாகவும் சொன்னார்.

ஊரில் இருந்த என் அம்மாவைக் கனடாவுக்கு அழைக்க எனக்கு முழுநேர வேலைக் கடிதம் வேண்டியிருந்தது. அம்மாவுக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே பலகாலம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அந்த மனுசன் எழுந்து நின்று கைகொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. மீதி அதுதான்.

ஏழாம் பக்கத்தை எடுத்துவிட்டு ஒரு பழைய ஹொக்கி அணியின் படத்தைப் பெரிதாக்கிப் போட்டேன்.

தேவாலய மண்டபத்தில் வெளியீட்டு விழா. எல்லோரும் கையில் இதழோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மிஸ் டிலேனி நாற்காலியில் இருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஏழாம் பக்கத்தில் நின்றார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் பார்த்தார். பிறகு திரும்ப ஏழுக்கு வந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பழைய கோப்பு அச்சுக்குப் போய்விட்டது, மிஸ் டிலேனி. என் பிழை," என்றேன்.

அவர் முகம் வெளிறியது. ஆனால் சிரித்தார். "நடக்கும். நான் ஒருமுறை கல்யாணச் செய்தியில் மணமகளையே விட்டுவிட்டேன்."

திருத்தம் போட அடுத்த இதழ் கிடையாது.

சில கிழமைகள் கழித்து, ஒரு சனிக்கிழமை, தமிழர் அதிகம் வாழும் கோத்-டே-நேஜில் தமிழ்க் கடைக்குப் போனேன். வாசலில், குளிருக்குத் தலையில் சால்வை சுற்றிக்கொண்டு மிஸ் டிலேனி நின்றார். கையில் ஒரு கட்டுத் தாள். ஏழாம் பக்கத்தைத் தானே தட்டச்சு செய்து பிரதி எடுத்து, போவோர் வருவோருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவர் கண்ணில் படாமல் பின்கதவால் உள்ளே போனேன். கடை அண்ணை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உமக்கு இங்கிலீசு தெரியும்தானே? அந்தக் கிழவி ரெண்டு மணித்தியாலமா நிண்டு குடுக்குது. என்னவாம்?"

"தெரியேல்லை அண்ணை. ஏதோ வேதக்காரற்றை மதநோட்டீசு போல கிடக்கு."

"ஓம், நானும் அப்பிடித்தான் நினைச்சனான்," என்று அவர் அதைக் கசக்கிக் கூடைக்குள் போட்டார். வெளியே நடைபாதையிலும் சில தாள்கள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. தொடர்ந்து மூன்று சனிக்கிழமை அவர் அங்கே நின்றதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். அந்தச் சனிக்கிழமைகளில் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த வருடம் அம்மா வந்து சேர்ந்தார். எப்படியோ அறிந்து, மெற்றோவும் இரண்டு பஸ்ஸும் மாறி, முழங்கால் வலியோடு மிஸ் டிலேனி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு சோடி கொண்டுவந்திருந்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஒரு மணிநேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். போனபின் அம்மா சொன்னார்: "நல்ல மனுசி. உன்ரை முகத்தைத்தான் அடிக்கடி பாத்தவ. நீ ஏன் மோனை ஒண்டும் கதைக்கேல்லை?"

அதன்பிறகு நத்தார் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அட்டை, அவ்வளவுதான். நான் போய்ப் பார்க்கவில்லை. மிஸ்டர் ஃபோலியும் காலமாகிவிட்டார். அவருடைய அச்சகத்தில்தான் இன்றும் வேலை செய்கிறேன்.

மலர்ச்சாலையில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வரிசையில் நின்று பெட்டியருகே போனேன். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, விரல்களில் ஜெபமாலை. பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. ஷீலாவை ஓரமாக அழைத்தேன். சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. "கடைசி இதழில் ஒரு பக்கம்..." என்று தொடங்கினேன்.

"அத்தைக்குத் தெரியும்," என்றார் ஷீலா. "அந்த வாரமே மிஸ்டர் ஃபோலி பெருமையாகச் சொல்லிவிட்டார்."

"என்ன சொன்னார் அத்தை?"

"எனக்குத்தான் கோபம் வந்தது. அத்தை சொன்னார்: 'அவருக்கு அழைத்துவர ஒரு தாய் இருக்கிறார். நான் அந்தத் தலையங்கத்தை எழுதியபோது எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.'"

மிஸ் டிலேனி அன்றே என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மிஸ் டிலேனி, மன்னிப்புக் கேட்பதற்காக நீங்கள் குளிரில் நின்றீர்கள். அதை நான் மதநோட்டீசு ஆக்கினேன். உங்கள் சொற்கள் எங்கள் மக்களுக்கு இன்றைக்குத்தான் எங்கள் மொழியில் கிடைக்கின்றன. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.

மண் இன்னும் உறைந்து கிடப்பதால் அவருடைய பெட்டி மலைமேல் உள்ள மயானத்தின் கல்மண்டபத்தில் இருக்கிறது. மே மாதம், நிலம் இளகியபின், ஒரு சனிக்கிழமை காலையில் அடக்கம். அந்தக் கடை வாசலில் அவர் கையால் தாள் வாங்கியவர்கள் யாராவது வர விரும்பினால் எனக்குச் சொல்லுங்கள். என் காரில் நான்கு பேருக்கு இடமிருக்கிறது.