ஓடாத ஜீப்பின் லாக் புக்

எங்க ஆபீஸ் ஜீப்ப ஒரே மத்தியானத்துல கண்டம் பண்ணிட்டாங்க. கடலூர்லேருந்து மூணு பேர் வந்தாங்க. ஒருத்தர் பானெட்டத் தூக்கிப் பாத்தார், ஒருத்தர் குனிஞ்சு அடியில பாத்தார், மூணாவது ஆள் டயர ஒரு எத்து எத்தினார். அப்புறம் மேல வீதிக்குப் போயி சாப்ட்டுட்டு வந்து, இந்த வண்டி இனிமே ஓட லாயக்கில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு பஸ் ஏறிட்டாங்க. ஏலம் விடற வரைக்கும் வண்டி ஆபீஸ் வாசல்லயே நிக்கட்டும்னு எழுதியிருந்தாங்க. அத ஓட்டறவன் எங்க நிக்கணும்னு எழுதல. ஓட்டறவன் நான்தான்.

எந்த டிபார்ட்மென்ட்டுன்னு சொல்ல மாட்டேன். அங்க இன்னும் வேலை பாக்கறவங்க இருக்காங்க. சிதம்பரத்துல ஒரு சின்ன ஆபீஸ், அவ்வளவுதான். ஆபீஸர் ஒருத்தர், சம்பள பில் போடற அக்கா ஒருத்தங்க, இன்னும் நாலஞ்சு கிளார்க்குங்க, டிரைவர் நான். பியூன் ரிட்டையராகிப் போயி அந்த எடத்துக்கு ஆளே போடல. இத இப்பவே சொல்லி வச்சிடறேன், வில்லங்கம் அங்கதான் ஆரம்பிச்சுது.

ஆபீஸர் அப்பத்தான் மாத்தலாகி வந்திருந்தார். கெட்ட மனுஷன் இல்ல. லஞ்சம் வாங்க மாட்டார், அடுத்தவன் காசுல டீ கூடக் குடிக்க மாட்டார். அவர்கிட்ட இருந்த ஒரே கோளாறு, ஒருத்தன் சும்மா உக்காந்திருந்தா அவரால பொறுத்துக்க முடியாது. நான் சும்மா உக்காந்திருந்தேன். மொத நாள், தெருமுனைக் கடையிலேருந்து தண்ணி கேன் தூக்கியாரச் சொன்னார். தாகம் எல்லாருக்கும்தானேன்னு கொண்டாந்து வச்சேன். மறுநாள் தபால் கவரெல்லாம் ஒட்டச் சொன்னார், ஒட்டினேன். மூணாம் நாள் தூக்குல எட்டு டீ வாங்கியாரச் சொன்னார். டீக்கடைக்காரன் எனக்குப் பல வருஷப் பழக்கம். நான் ஜீப்ப நிறுத்தி ஹாரன் அடிச்சா அவனே கிளாஸ எடுத்துக்கிட்டு ஓடியாருவான். அன்னிக்கு என் கையில இருந்த தூக்கப் பாத்துட்டு, "என்னா டிரைவரு, புரமோஷனா?"ன்னான். பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு.

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது. டீய மேஜையில வச்ச கையோட, நான் டிரைவரா எடுக்கப்பட்டவன், எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சுட்டு வருஷக்கணக்கா காத்திருந்து வாங்கின வேலை, பியூன் வேலை பாக்கணும்னா எழுத்துல குடுங்கன்னு சொல்லிட்டேன். சுத்த முட்டாள்தனம். ஒரு ஆபீஸர்கிட்டப் போயி எழுத்துல குடுங்கறது, பசியில இருக்கறவன சாப்புடறியான்னு கேக்கற மாதிரி. சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுத்துட்டார். மறு உத்தரவு வர்ற வரைக்கும் டிரைவர் பியூன் வேலையப் பாக்கணுமாம். நான் வாங்க மாட்டேன், டிரைவர் வேலையத்தான் பாப்பேன்னேன். அவர் ஜன்னல் வழியா ஜீப்பக் காட்டி, "அதோ நிக்குது. போய்ப் பாரு"ன்னார். போயி ஏறி உக்காந்துட்டேன்.

யோசிச்சு செஞ்சதில்ல. வெறும் கோவம். ஒரு மணி நேரத்துல யாராச்சும் வந்து சமாதானமாக் கூப்புடுவாங்க, நானும் முறுக்கிக்கிட்டே எறங்கி வந்துடலாம்னு இருந்தேன். ஒருத்தரும் வரல. மறுநாள் வந்தா அட்டென்டன்ஸ் நோட்டு ஆபீஸர் ரூமுக்குள்ள போயிடுச்சு. பியூன் வேலைய எடுத்துக்கிட்டா கையெழுத்துப் போடலாம், இல்லன்னா ஆப்சென்ட்டுன்னு சொல்லிட்டாங்க. இப்ப எறங்கினா மானம் போச்சு. அதனால திரும்ப ஜீப்புலயே ஏறினேன். இப்படியே ரெண்டரை மாசம் போச்சு.

காலைல பத்து மணிக்கு ஏறுவேன், சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு எறங்குவேன். கண்ணாடியத் தொடைப்பேன். மேல நின்ன வாதாம் மரம் நாள் முழுக்க எலையக் கொட்டும், அதப் பொறுக்கிப் போடுவேன். ஆபீஸுக்கு வர்ற ஜனங்க, வண்டியில டிரைவர் உக்காந்திருக்கான், ஆபீஸர் எங்கியோ கெளம்பறார்னு பதறி ஓடியாந்து மனுவ நீட்டுவாங்க. ஒரு வாரத்துல அவுங்களும் பழகிட்டாங்க. பட்டா விஷயமா அலைஞ்ச ஒரு ஆளு வந்தப்பல்லாம் தன் பையப் பக்கத்து சீட்டுல வச்சிட்டு, பாத்துக்குங்க சார்னு சொல்லிட்டு உள்ள போவார். அந்த ஆபீஸ்லயே என்னை சார்னு கூப்ட்டவர் அவர் ஒருத்தர்தான்.

கவர்மென்ட் வண்டின்னா லாக் புக்குன்னு ஒரு நோட்டு உண்டு. கெளம்பறப்ப மீட்டர்ல எவ்வளவு, திரும்பினப்ப எவ்வளவு, எத்தன கிலோமீட்டர் ஓடுச்சு, எதுக்குப் போனோம்னு டிரைவர் தெனம் எழுதணும். கடைசிக் கட்டத்துல ஆபீஸர் கையெழுத்து. எனக்குக் கை அதுல ஊறிப் போச்சு. வண்டி நின்னும் கை நிக்கல. கெளம்பறப்ப மீட்டர எழுதுவேன், திரும்பினப்பவும் அதே மீட்டர், ஓடினது சைபர். எதுக்குங்கற கட்டத்துல 'வண்டி நிறுத்தம், டிரைவர் வண்டியில் இருந்தார்'னு எழுதுவேன். வீட்டுக்குப் போறப்ப எப்பவும் போல அக்கா மேஜை ஓரத்துல வச்சிடுவேன். மறுநாள் காலைல அக்கா கொண்டாந்து ஜீப் சீட்டுல போட்டுட்டுப் போவாங்க. உள்ள பச்சை மையில ஆபீஸர் கையெழுத்து இருக்கும். அது எப்பவும் இருக்கறதுதானே. அதப் பத்தி நான் நினைச்சே பாக்கல.

மாசக் கடைசியில அக்கா கூப்ட்டு சம்பள பில்லக் காட்டினாங்க. என் பேருக்கு நேரா ஒண்ணுமே இல்ல. என் கையாலயே எழுத வேண்டியிருக்கு தம்பின்னு சொல்லிட்டு வேற பக்கம் பாத்துக்கிட்டாங்க. அதக் கூடத் தாங்கிக்கிட்டேன். அடுத்த மாசம் ஒரு மெமோ வந்துச்சு, அதத்தான் தாங்க முடியல. நான் சொல்லாம கொள்ளாம வேலைக்கு வராம இருந்தவனாம். வராத நாளெல்லாம் சர்வீஸ்ல முறிவுன்னு ஏன் எடுத்துக்கக் கூடாதுன்னு கேட்டிருந்தாங்க. முறிவுன்னா, அதுக்கு முன்னாடி ஓட்டின வருஷமெல்லாம் பென்ஷன் கணக்குல வராமப் போனாலும் போவும்னு அக்கா சொன்னாங்க. அரிசிய கடன் சொல்லி வாங்கிக்கலாம். பதினாலு வருஷத்த எந்தக் கடையில போயி வாங்கறது?

என் பொண்டாட்டிக்கு ஊரு மங்கலம்பேட்டை. மாப்ள கவர்மென்ட் டிரைவர்னு ஊரெல்லாம் சொல்லித்தான் கட்டிக் குடுத்தாங்க. ஜீப் ஒர்க் ஷாப்புல நிக்குது, அதனாலதான் மாமா டல்லா இருக்காருன்னு அவ தம்பிகிட்ட சொல்லி வச்சிருந்தா. மச்சான் வாராவாரம் போன் பண்ணி, என்ன மாமா வண்டி ரெடியாயிடுச்சா, விருத்தாசலத்துல நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தன் இருக்கான், அனுப்பட்டுமான்னு கேப்பான். ஸ்பேர் வரல மச்சான்னு நானும் கூசாம சொல்லுவேன். மெமோவ அவகிட்டக் காட்டினேன். ரெண்டு தடவ படிச்சா. அழுவப் போறான்னு நினைச்சேன்.

"நீங்க தெனம் வேலைக்குப் போயிட்டுத்தான வர்றீங்க? நான்தான சோறு கட்டிக் குடுக்கறேன்?"ன்னா. "வந்தார்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அது போதும்."

எனக்கும் அது போதும்தான். கடலூர் பெரிய ஆபீஸுக்கு அப்பீல் போட்டேன். விசாரணைக்கு வரச் சொல்லி எனக்கும் ஆபீஸருக்கும் கடுதாசி வந்துச்சு. என்ன காமிச்சு என்ன பேசறதுன்னு எனக்கு ஒண்ணும் புரியல. முந்தின நாள் சாயங்காலம் அக்கா, லாக் புக்க எடுத்துக்கிட்டுப் போங்கன்னாங்க. எதுக்குக்கான்னேன். ஒரு பக்கத்தத் தொறந்து பச்சை மை மேல வெரல வச்சாங்க.

"தெனம் தபாலோட தபாலா இதயும் அவர் முன்னாடி வச்சேன். வைக்கறது என் வேலை. படிக்கறது அவர் வேலை."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. டிரைவர் வரலன்னு ஒரு நோட்டுலயும், டிரைவர் வண்டியில் இருந்தார்னு ஒரு நோட்டுலயும் ரெண்டரை மாசமா தெனம் ஒரே கையாலயே கையெழுத்துப் போட்டிருக்கார் மனுஷன். என் சம்பளத்த சைபர்னு எழுதின அக்காதான் அந்த நோட்ட ஒரு நாள் விடாம உள்ள கொண்டு போயிருக்காங்க. லாக் புக்க வாங்கி சோத்துப் பையில வச்சுக்கிட்டு, தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்துல பெரிய ஆபீஸ். விசாரிச்சது ஒரு மேடம். ஆபீஸர் மொதல்ல பேசினார், குடுத்த வேலைய இவர் பாக்கல, அதனால வராததாத்தான் அர்த்தம்னார். மேடம் என்னப் பாத்தாங்க. நான் பேசல, பேசினா கெட்டுப் போயிடும்னு எனக்கே தெரியும். லாக் புக்க மேஜையில வச்சேன். மேடம் ஒவ்வொரு பக்கமாத் திருப்பினாங்க. சைபர், சைபர், சைபர். இது யார் கையெழுத்துன்னு கேட்டாங்க. ஆபீஸர் கண்ணாடியப் போட்டுப் பாத்தார், கழட்டித் தொடைச்சுட்டு மறுபடியும் பாத்தார். என்னோடதுதான்னார். பொய் சொல்லல, அத நான் சொல்லியாகணும்.

ஜெயிச்சாச்சுன்னு இருந்தேன். மேடம் பேனாவ மூடி வச்சாங்க. டிரைவர் வேலை பாத்தார்னு எழுத முடியாது, ஒரு கிலோமீட்டர் கூட ஓடலன்னாங்க. வேணும்னா, கண்டம் பண்ணின வண்டிய ஏலம் போற வரைக்கும் காவல் காத்தார்னு போடறேன், சம்மதம்னு எழுதிக் குடுங்கன்னாங்க.

"அப்ப நான் வாட்ச்மேனா மேடம்?"னேன்.

"நீங்க வந்தீங்கன்னு எழுதறதுக்கு எனக்கு ஒரு வேலையோட பேர் வேணும். வேற பேர் இருந்தா சொல்லுங்க"ன்னாங்க.

யோசிச்சுப் பாத்தேன், இல்ல. பியூன் வேலை பாக்க மாட்டேன்னு ரெண்டரை மாசம் ஜீப்புல உக்காந்தவன், வாட்ச்மேன் வேலை பாத்தேன்னு கையெழுத்துப் போட்டேன். வெக்கமா இருந்துச்சு. பதினாலு வருஷம் திரும்பிக் கெடச்ச சந்தோஷமும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

திரும்பறப்ப சிதம்பரம் பஸ்ஸுல ஒரே ஒரு ரெண்டு பேர் சீட்டுதான் காலி. ஆபீஸரும் நானும் அதுல உக்காந்தோம். குடிகாடு வந்தப்ப, கெமிக்கல் கம்பெனி நாத்தத்துக்கு ஜன்னலோரம் இருந்தவங்க வழக்கம் போல கண்ணாடிய எறக்கி மூடினாங்க. ஆபீஸர் திடீர்னு, அந்த ஜீப்புக்கு என்னதான் ஆச்சுன்னு கேட்டார். அவர் வந்து அத்தன மாசத்துல அதக் கேட்டது அப்பத்தான். சுனாமிக்கு மறுநாள்லேருந்து தேவனாம்பட்டினத்துக்கு அரிசியும் பாயும் ஏத்திக்கிட்டு ஓட்டினேன், ஆஸ்பத்திரிக்கு ஆளையும் ஏத்திக்கிட்டு ஓட்டினேன், பத்து நாள் உப்புத் தண்ணியிலயும் சேத்துலயும் நின்ன வண்டி சார், அன்னிக்குப் புடிச்ச துரு அஞ்சு வருஷமா அடியில தின்னுக்கிட்டே வந்துச்சுன்னு சொன்னேன். அவர் சிதம்பரத்துல எறங்கினப்ப, வர்றேன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார்.

சம்பளம் வந்துச்சு. முறிவு இல்லன்னு உத்தரவும் வந்துச்சு. எழுதிட்டாங்களான்னு கேட்டா என் பொண்டாட்டி. எழுதிட்டாங்க, காவல் காத்தேன்னு எழுதிட்டாங்கன்னேன். அவ உத்தரவ வாங்கி மடிச்சு பீரோவுல வச்சா. அதுக்கப்புறம் உத்தரவுப்படியே ஜீப்புல உக்காந்தேன். முன்னாடி உக்காந்த அதே சீட்டுதான், இப்ப சம்பளம் உண்டு.

அடுத்த மாசம் ஜீப்ப ஒரு பழைய இரும்பு வியாபாரி ஏலம் எடுத்தார். டயருக்குக் காத்தடிச்சு, டிராக்டர்ல கயிறு கட்டி இழுக்க வந்தார். பின்னாடி ஸ்டியரிங்கப் புடிக்க ஆள் வேணும், அவர் கொண்டாந்த ஆளுக்கு ஜீப்புல கை பழகல. ஆபீஸர் வராண்டாவுல நின்னுக்கிட்டிருந்தார். "டிரைவர், நீங்க உக்காருங்க"ன்னார்.

உக்காந்தேன். கீழ வீதி வழியா பைபாஸ் ரோட்டுக்கு அந்தாண்ட இருந்த வியாபாரியோட ஷெட்டு வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போனேன். இழுத்தது டிராக்டர்தான், வளைச்சது நான். பிரேக் சுத்தமா இல்ல, ரெண்டு எடத்துல உசுரு போயி வந்துச்சு. டீக்கடைக்காரன் கிளாஸும் கையுமா பாத்துக்கிட்டு நின்னான். எறங்கறப்ப பழக்கத்துல மீட்டரப் பாத்தேன். சக்கரம் சுத்தினதுல அதுவும் நகந்திருந்துச்சு.

ஆபீஸுக்கு வந்து லாக் புக்க எழுதினேன். கெளம்பறப்ப மீட்டர், போயி சேந்தப்ப மீட்டர், ஓடினது நாலு கிலோமீட்டர். எதுக்குங்கற கட்டத்துல 'ஏலம் எடுத்தவர் இடத்தில் சேர்த்தது'ன்னு போட்டேன். அக்கா மேஜையில வைக்கப் போனா, நீங்களே உள்ள குடுங்கன்னுட்டாங்க. ஆபீஸர் வாங்கினார். இந்தத் தடவ படிச்சார். முன்னாடி பக்கத்தத் திருப்பிப் படிச்சார், அதுக்கும் முன்னாடி திருப்பினார். டிரைவர் வண்டியில் இருந்தார், டிரைவர் வண்டியில் இருந்தார்னு என் கோணக் கையெழுத்து வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் நின்னுக்கிட்டே இருந்தேன்.

"நாலு கிலோமீட்டரா?"ன்னார்.

"ஆமா சார். மீட்டரப் பாத்துத்தான் எழுதினேன்."

கையெழுத்துப் போட்டார். அன்னிக்கு ராத்திரி மச்சான் போன் பண்ணி வண்டி ஓடுச்சான்னு கேட்டான். ஓடுச்சுடான்னு சொன்னேன். அத மட்டும் பொய் இல்லாம சொன்னேன்.

மறுநாள் காலைல வாதாம் மரத்தடியில நாலு டயர் தடமும் எண்ணெக் கறையும்தான் இருந்துச்சு. அட்டென்டன்ஸ் நோட்டு பழையபடி வெளி மேஜைக்கு வந்திருந்துச்சு. என் பேருக்கு நேரா டிரைவர்னு அக்கா எழுதியிருந்தாங்க. கையெழுத்துப் போட்டுட்டு நிமிந்தா, ஓரத்துல தண்ணி கேன் காலியா இருந்துச்சு. யாரும் எங்கிட்ட தூக்கியாரச் சொல்லல. வெயில் ஏறறதுக்குள்ள தெருமுனைக்குப் போயி ஒரு கேன் தூக்கியாந்து வச்சேன்.