"வா" என்று சொன்னவன்

இது கதையில்லை. பிரேம்குமார் இன்றும் விழுப்புரத்தில்தான் இருக்கிறான். சந்தேகப்படுகிறவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். கிளம்பும்போது "வர்றேன்" என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

போன மே மாதம், பட்டப்பகல். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ஷாலினிக்குப் பிரசவ வலி. பிரேம்குமார் துரையோ விழுப்புரம் ஒர்க்‌ஷாப்பில் நின்று, தன் இருபத்தைந்து வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேகம் கூட்டும் சிப் மாட்டிக்கொண்டிருந்தார். ஷாலினி போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"வந்துக்கினே இருக்கேன்." வாய் கூசாமல் சொன்னான்.

மெக்கானிக் அய்யப்பன் தலையைச் சொறிந்தார். "இதே மாடல் வண்டி ஒண்ணு அடிபட்டுச்சுபா. அதுல இருந்து எடுத்த சிப்பு. பழைய மெமரிய அழிக்க ஒரு மணி நேரம் ஆவும்."

"அழிக்கவே வாணாம். ஜல்தி மாட்டுண்ணா."

12:20க்குக் கிளம்பினான். வண்டி பறந்தது. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

12:38. கூட்டேரிப்பட்டு தாண்டி, ஆளில்லாத பஸ் ஸ்டாப். ஆக்சிலேட்டரை மிதித்தபடிதான் இருந்தான். வேகம் குறைந்தது. எண்பது... நாற்பது... நின்றே விட்டது.

க்ளக்.

இடப்பக்கக் கதவு திறந்து மூடியது. யாருமில்லை. ஆனால் சீட் அமுங்கியது. அவித்த வேர்க்கடலை வாசனை... எங்கள் ஊர் மல்லாட்டை.

வண்டி தானாகக் கிளம்பியது. பக்கத்தில் தோல் உடைக்கும் சத்தம்.

டப்... டப்...

அவன் திரும்பவில்லை.

12:58. ஆஸ்பத்திரி வாசல். வண்டி தானே நின்றது.

க்ளக்.

"வர்றேன்." களைத்த பெண் குரல்.

யார் விடைபெற்றாலும் நாம் சொல்வதுதான். பயத்திலும் நாக்கு பழக்கத்தை விடவில்லை.

"வா" என்றான்.

உள்ளே ஓடினான். பெண் குழந்தை. 12:58க்குப் பிறந்ததாம். ஷாலினியின் மூச்சு நின்றதும் அதே நிமிடம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் போய் அய்யப்பனின் சட்டையைப் பிடித்தான். அவர் குரல் இறங்கியது.

"அது அனந்தபுரத்து ஆளோட வண்டிபா. நெறமாசப் பொண்டாட்டி. அந்த ஸ்டாப்புல அவள ஏத்திக்கினு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். ஓவர் ஸ்பீடு. அவன் பொழச்சிக்கினான். அவ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூடப் போவல. சீட்டுக்கடியில அவிச்ச மல்லாட்டை செதறிக் கெடந்துச்சு. நான்தான் கூட்டித் தள்ளுனேன்."

பிரேம்குமார் வீட்டுக்கு வந்தான். பிறந்ததிலிருந்து குழந்தை வலது கையை விரித்ததே இல்லை. டாக்டர்கள் முயன்றும் முடியவில்லை.

அன்று அவனைப் பார்த்தது. மெல்ல விரித்தது.

உள்ளே ஒரு மல்லாட்டைத் தோல். ஈரமாக... சூடு ஆறாமல்.